கோரிப்பாளையத்துக் கை

செப்டம்பர் 9, கப்பல் மேல்தளம்

இதைப் படிக்கப்போகும் புண்ணியவான் யாராக இருந்தாலும் சரி, மதுரை மீனாட்சி மேல் ஆணையாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் ஒரு வரியைக்கூட நீங்கள் நம்பப்போவதில்லை. நம்பும்படி எழுத எனக்கும் உத்தேசம் இல்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி, கூடாமல் குறையாமல் எழுதுவேன். எங்காவது கூடியிருந்தால் அது கடல் காற்றின் குற்றம்.

நான் யார்? பூமிராஜன். மதுரை மாநகரப் போக்குவரத்துக் காவலில் சிறப்பு உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கோரிப்பாளையம் சந்திப்பில் நான் வலது கையை விரித்து உயர்த்தினால் பஸ் நிற்கும், லாரி நிற்கும், மந்திரி கார் நிற்கும். ஒருமுறை அவசரத்தில் வைகைப் பக்கம் திரும்பிக் கையைக் காட்டிவிட்டேன். அன்றைக்கு நின்ற ஆறுதான், பிறகு சரியாக ஓடவே இல்லை.

என் தங்கை கோமதியின் மகள் விசாலாட்சி, வீட்டில் விசாலி, கடல் உயிரியல் படிக்கிறாள். ஒரு கிரேக்கத் தீவில் நான்கு மாதம் தங்கிப் படிக்க அவளுடைய கல்லூரி அனுப்புகிறது. என்ன படிப்பு? கடலுக்கு அடியில் முளைக்கும் புல். புல்லைப் பார்க்க ஒருத்தி விமானம் ஏறிப் போகிறாள் என்று சொன்னால் எங்கள் தெரு மாடு விழுந்து விழுந்து சிரிக்கும்.

மாப்பிள்ளைக்கு, அதாவது விசாலியின் அப்பாவுக்கு, லீவு கிடைக்கவில்லை. ஆகவே தாய்மாமன் கிளம்பினேன். சாதாரணப் பதவியா அது? காது குத்தியபோது அவளை மடியில் வைத்திருந்தவன் நான். வலி தாங்காமல் அவள் கடித்த தழும்பு இன்னும் என் கட்டை விரலில் இருக்கிறது.

புறப்படும்போது கோமதி என்னைத் தனியாக இழுத்துக்கொண்டுபோய்ச் சொன்னாள்: "அண்ணே, ஒரு வாரம் கூட இருந்து பாருங்க. எடம் சரியில்ல, ஆளுக சரியில்லேன்னா யோசிக்காதீங்க. கையோட கூட்டிட்டு வந்துருங்க. திரும்பி வர்ற டிக்கெட்டு ரெண்டு பேருக்கும் போட்டுருக்கேன். அவகிட்டச் சொல்லிராதீங்க."

சொல்லவில்லை. இரண்டு டிக்கெட்டும் என் சட்டையின் உள்பையில் இருக்கின்றன. இடம் எப்படிச் சரியாக இருந்துவிடும், நானும் பார்க்கிறேன்.

கடல் எங்களை விழுங்கப் பார்க்கிறது. சற்று முன் ஒரு அலை மேல்தளம் வரை எட்டிப் பார்த்து என் டிக்கெட்டைச் சோதித்தது. விசாலி மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு திருவிழா பார்ப்பவள் மாதிரி நிற்கிறாள்.

"மாமா, தீவுல எறங்குனதும் யார்கிட்டயும் எதுவும் பேசாதீங்க. சிரிங்க, போதும்."

"சிரிக்கிறதா? டியூட்டில நான் சிரிச்சதே இல்ல தாயி."

"நீங்க இப்ப டியூட்டில இல்ல மாமா."




செப்டம்பர் 10, மெலாந்த்ரா தீவு

தீவு என்றார்கள். கடல் வாயில் போட்டு மென்று, பிடிக்காமல் துப்பிய கல். அதன்மேல் வெள்ளையடித்த வீடுகள், பல்வரிசை மாதிரி. மலையிலிருந்து நம்மைப் பார்த்து நறநறவென்று கடிக்கின்றன. காற்று என்னுடைய கண்ணாடியைப் பிடுங்கி ஆட்டுக்கு மாட்டிவிட்டது. ஆடு திருப்பித் தருவதாக இல்லை.

ஆனால் இன்றைய தலையாய செய்தி, நான் இறங்கிய அழகு.

கப்பல் தன் வாயைத் திறந்து பலகையை இறக்கியதும் லாரி, கார், ஸ்கூட்டர், மூட்டை, மனிதர் எல்லாம் ஒன்றாக வெளியே பாய்ந்தன. கரையில் ஒரு பெருங்கூட்டம் வேறு வழியை அடைத்துக்கொண்டு நின்றது. துறைமுகக் காவலர் ஒருவர் நிழலில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பார்த்தேன். கொதித்தேன். பெட்டியை விசாலியிடம் தள்ளிவிட்டு நடுப்பாதையில் ஏறி நின்றேன்.

வலது கையை விரித்து நீட்டினேன். லாரி நின்றது. அதன் பக்கத்தில் ஒரு சிறிய சரக்கு வண்டி உறுமிக்கொண்டு வந்தது. அதை ஓட்டியவருக்கு மீசை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னம் வரை. அவர் முகத்துக்கு நேராக இடது கையையும் விரித்து நீட்டினேன். வண்டி நின்றது. முன் இருக்கையில் கம்பளி போர்த்திய கிழவர் ஒருவர் என் முகத்தின் ஒளியைத் தாங்காமல் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். கரையில் கூட்டம் ஒரே குரலில் முழங்கியது. ஹாரன்கள் அலறின. மீசைக்காரர் கதவைத் திறந்து இறங்கி, தமக்குத் தெரிந்த எல்லா வார்த்தையையும் எனக்குச் சமர்ப்பித்தார்.

விசாலி ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா! என்ன பண்றீங்க? வாங்க இங்கிட்டு!"

"கேட்டியா தாயி, எம்புட்டு சனம், என்ன வரவேற்பு!"

"மாமா, அவங்க திட்டுறாங்க."

"திட்டட்டும். திட்டு வாங்காத டிராபிக் போலீசு எந்த ஊர்ல இருக்கான்?"

விசாலி தங்கும் வீட்டுக்காரம்மா பெயர் கலியோபி. அறுபது வயது இருக்கும், கறுப்பு உடை, கதவை முழுசாக அடைக்கும் உடம்பு. விசாலியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். என்னைப் பார்த்ததும், ஒரு வாரத்துக்கு எனக்கு ஒதுக்கிய மாடி அறையைக் கட்டை விரலால் சுட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு விஷயம். இங்கே எல்லோரும் நொண்டி ஆங்கிலம் பேசுகிறார்கள். என்னுடையதற்கு இரண்டு காலும் இல்லை. ஆகவே அவர்கள் சொன்னதை எல்லாம் நான் எங்கள் மதுரைத் தமிழில்தான் எழுதுவேன். அவர்களுக்கு அது ஒரு கௌரவம்.


செப்டம்பர் 11

இங்கே மதியச் சாப்பாடு என்பது எண்ணெய்க் கிணற்றில் தவறி விழுந்த கத்திரிக்காய். காபி ஒரு சின்னக் கிண்ணத்தில் வருகிறது, பாதி காபி, பாதி வண்டல். ஆகவே பெட்டியிலிருந்து குக்கரை எடுத்தேன். கோமதி கட்டிக்கொடுத்த துவரம்பருப்பை எடுத்தேன்.

"மாமா, மூணு மணிக்கு மேல ஊரே தூங்கும். அப்பச் சத்தம் போடக் கூடாதாம், அது இங்க சட்டம் மாதிரி," என்று விசாலி சொல்லிவிட்டுத்தான் வகுப்புக்குப் போனாள். குக்கரை ஏற்றும்போது மணி மூன்றேகால். பருப்புக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா?

முதல் விசில் வந்தது. மலையில் மேய்ந்த ஆடுகள் கடலில் குதித்தன. தேவாலய மணி தானாக அடித்தது. இரண்டாவது விசிலுக்குக் கலியோபி அம்மாள் படியேறி வந்துவிட்டார், தலைமுடியெல்லாம் கலைந்து.

"என்னய்யா இது? குண்டா?"

"பயப்படாதீங்க தாயி. மொத்தமே அஞ்சு விசில்தான்," என்று நல்ல முறையில் சொல்லி, அவருக்கு விளங்கட்டும் என்று ஐந்து விரலையும் விரித்து அவர் மூக்குக்கு முன்னால் காட்டினேன்.

அந்த முகம் போன போக்கை எழுத என் பேனாவுக்குத் தைரியம் இல்லை.

"எஞ் சித்தி மகனுக்குக் காட்டுனது பத்தலையா? என் வீட்லயே நின்னுக்கிட்டு எனக்கும் காட்டுறியா?"

கதவைச் சாத்திய வேகத்தில் சுவரிலிருந்த காரை பெயர்ந்து பருப்பில் விழுந்தது. மீசைக்காரர் இவருடைய சித்தி மகன் என்று இப்போதுதான் தெரிந்தது. அவருக்கு நான் என்ன காட்டினேன்? வழி காட்டினேன்.


செப்டம்பர் 12

ரொட்டிக் கடை. ஐந்து வேண்டும் என்று கையை விரித்துக் காட்டினேன். கடைக்காரன் ரொட்டியை என் நெஞ்சைக் குறிபார்த்து எறிந்தான். இந்த ஊர்ப் பூனைகூட என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறது.


செப்டம்பர் 13

இந்தப் படிப்பின் நடைமுறை இப்படி: வந்திருக்கும் மாணவர் ஒவ்வொருவரையும் தீவின் மீனவர் ஒருவர் தம் படகில் ஏற்றிக் கொள்வார். தினமும் புல் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவார். அவர்கள் குதித்து, மூழ்கி, கொஞ்சம் புல்லும் மண்ணும் பாட்டிலில் எடுத்து வருவார்கள். நான்கு மாதப் படிப்பும் அந்த ஒரு படகில்தான். விசாலிக்கு எழுதியிருந்த படகு லெஃப்டெரிஸ் என்பவருடையது. மீசைக்காரர்.

காலையில் மற்ற பிள்ளைகள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டார்கள். விசாலி நீச்சல் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பாட்டில் பையோடு கரையில் நின்றாள். லெஃப்டெரிஸ் பத்தடி தள்ளித் தம் படகில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். இவள் போய்க் கேட்டாள். அவர் கடலில் துப்பிவிட்டுத் திரும்பவும் கயிறு சுற்றினார். வெயில் உச்சிக்கு வரும்வரை நின்றாள். நான் தூரத்தில் ஒரு சுவர் ஓரமாக நின்று தீவைச் சபித்துக்கொண்டிருந்தேன். என் சாபத்தில் இரண்டு அத்திமரம் பட்டுப்போயின.

அவர்களுடைய பேராசிரியை இரினி, மதியம் வந்து கையை விரித்துவிட்டார். (பேச்சுக்குச் சொல்கிறேன். அந்த அம்மாள் நிஜமாகவே இரண்டு கையையும் சட்டைப் பையில்தான் வைத்திருந்தார்.) மீனவர்கள் தாங்களாக விரும்பித்தான் ஏற்றுகிறார்கள், கட்டாயப்படுத்த முடியாது. வேறு படகும் இல்லை. திங்கட்கிழமை காலைக்குள் லெஃப்டெரிஸ் ஏற்றிக்கொள்ளாவிட்டால் விசாலியை ஊருக்கு அனுப்புவதைத் தவிர வழி இல்லை.

மாலையில் விசாலி தன் அறையில் உட்கார்ந்து, இன்று தண்ணீரே படாத பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பேசாம ஊருக்குப் போயிரலாம் தாயி. புல்லு எங்க ஓடிப்போகுது?"

"நீச்சல் கத்துக்க அம்மாகூட ரெண்டு வருசம் சண்ட போட்டேன் மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். நான் மேலே வந்து கோமதிக்குப் போன் போட்டேன். விவரம் சொன்னேன். "அப்ப யோசிக்காதீங்கண்ணே, கூட்டிட்டு வந்துருங்க," என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

ஆகக் காரியம் ஜெயம். தீவு தோற்றது. உள்பையைத் தடவிப் பார்த்தேன், இரண்டு டிக்கெட்டும் பத்திரமாக இருக்கின்றன. வெற்றிக்காகச் சாம்பார் வைத்தேன். உப்பு கூடிவிட்டது. யாரும் சாப்பிடவில்லை.


செப்டம்பர் 14

வகுப்பிலிருந்து விசாலி திரும்பி வரும்போதே அவள் நடை சரியில்லை. படியில் நின்றுகொண்டே பேசினாள்.

"மாமா, கலியோபி ஆன்ட்டிகிட்ட உக்காந்து கேட்டுட்டேன். எல்லாம் உங்க கைதான்."

"என் கையா? இது எத்தனை விபத்த நிப்பாட்டுன கை தெரியுமா?"

"கேளுங்க மாமா. இந்த நாட்டுல அஞ்சு விரலையும் விரிச்சு, உள்ளங்கைய ஒருத்தங்க மூஞ்சிக்கு நேரா நீட்டுனா, அதவிடப் பெரிய கேவலம் கிடையாது. அந்தக் காலத்துல குத்தவாளிங்க மூஞ்சில கரி பூசிக் கழுதைல ஏத்துவாங்களாம். அந்தக் கை அது. ரெண்டு கையும் காட்டுனா ரெண்டு மடங்கு."

நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். கப்பல் வாசலில் இரண்டு. விசிலுக்கு ஒன்று. ரொட்டிக் கடை. அப்புறம் தினமும் மாடியிலிருந்து தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் ஆசீர்வதிக்கும் பாவனையில் காட்டியது, பெரியவர்கள், பெண்கள், சாமியார் ஒருவர். ஊரில் கரி பூசாத முகம் மிச்சம் இருந்தால் அது கைக்குழந்தையாகத்தான் இருக்கும்.

"நான் என்ன கனவா கண்டேன்?" என்றேன்.

"பேசாதீங்க, சிரிங்கன்னு சொன்னேன்ல மாமா? அது ஒண்ணுதான கேட்டேன்?"

கீழே போய்விட்டாள். கதவைச் சாத்திய சத்தம் கலியோபி அம்மாளுடையதைவிடப் பெரியது. வந்த நான்கு நாளில் இந்த ஊர்ப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.


செப்டம்பர் 15

இரண்டு கையையும் பேண்ட் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். நடையே வரவில்லை. இரண்டு முறை விழப் பார்த்தேன்.


செப்டம்பர் 16

காலையில் முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு லெஃப்டெரிஸின் படகுக்குப் போனேன். சரணடையப் போகவில்லை. ராஜாங்க முறையில் சமாதானம் பேசப் போனேன். டப்பாவை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் படகின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வந்துட்டாருய்யா பெரிய மனுசன்."

"அய்யா, ஒரு விளக்கம் சொல்லணும்..."

"கைய அங்கிட்டே வச்சுக்கிட்டுப் பேசு."

"எங்க ஊர்ல இந்தக் கைக்கு 'நில்லு'ன்னு அர்த்தம். அம்புட்டுத்தான். மந்திரிக்கே காட்டியிருக்கேன்."

"மந்திரிக்கு நாங்களும் காட்டுவோம். அது தப்பில்ல." சுரண்டுவதை நிறுத்தினார். "எங்கப்பனுக்குக் காட்ட மாட்டோம்."

"உங்கப்பாவுக்கா? நானா?"

"வண்டில எம் பக்கத்துல இருந்தது யாருன்னு நெனச்ச? எங்கப்பா. ஏதென்ஸ்ல பெரியாஸ்பத்திரில கெடந்தாரு. இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்ல, ஊர்ல போயி இருக்கட்டும்னுட்டாய்ங்க. கடல்லயே கெடந்த மனுசன். ஊரே எறங்கி வந்து நின்னுச்சு, அவர வாங்கன்னு சொல்ல. அவரு கரைல கால் வைக்கிறதுக்கு முந்தி நீ குறுக்க வந்து, ரெண்டு கையையும் விரிச்சு அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டுற. வீட்டுக்கு வந்ததும் கேக்குறாரு: 'நான் யாருக்கு என்னடா செஞ்சேன்?'ங்குறாரு."

முகத்தின் ஒளி தாங்காமல் கண்ணை மறைத்துக்கொண்டார் என்று பத்தாம் தேதி எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடலாம் என்று பக்கத்தைத் திருப்பினேன். பேனா மக்கர் பண்ணுகிறது. விட்டுவிட்டேன்.

"நான் நேர்ல வந்து அவர்கிட்ட..."

"வீட்டுப் பக்கம் வந்து பாரு. தூக்கிக் கடல்ல போட்டுருவேன்."

"பொண்ணு என்னய்யா பண்ணுச்சு?"

"பொண்ணு மேல எனக்கென்ன கோவம்? ஆனா ஊரு பாக்குது. எங்கப்பன அசிங்கப்படுத்துனவன் இங்க மாடில நின்னு காத்து வாங்குவான், அவன் வீட்டுப் பிள்ளைய நான் படகுல வச்சுச் சுத்துவேனா? நாளைக்கு எம் மூஞ்சிலயே காட்டுவாய்ங்க. நீ இந்தக் கரைய விட்டுப் போற வரைக்கும் என் படகு அசையாது. நாளைக்குக் கப்பல் வருது. போறதுன்னா போ."

முறுக்கு டப்பாவைப் படகு விளிம்பில் வைத்தேன். காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். ஒரு பூனை வந்து மோந்து பார்த்தது. அதுவும் போய்விட்டது.

திரும்பி வந்து மாடியில் உட்கார்ந்தேன். யோசித்தேன். விசாலியிடம் நான் இதைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. வாயை மூடிக்கொண்டு திங்கட்கிழமை வரை இருந்தால் போதும், எல்லாம் தானாக முடிந்துவிடும். இரண்டு டிக்கெட்டும் வீண் போகாது. ஜன்னலோர இருக்கையை அவளுக்குக் கொடுத்துவிடலாம். பழையபடி சாயங்காலம் கோமதி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து காபி குடிக்கலாம். அவள் என் வைகைக் கதையைக் கேட்டு, "மாமா, போன தடவ வேற மாதிரி சொன்னீங்களே," என்பாள். அதை நான் தீவிரமாக ஆலோசித்தேன். மத்தியானம் முழுக்க ஆலோசித்தேன்.

மாலையில் ஒரு வரலாற்றுச் சம்பவம். மதுரையிலிருந்து ஆணையரே போன் செய்தார். நான் இல்லாமல் கோரிப்பாளையத்தில் வண்டிகள் முட்டிக்கொண்டு, வரிசை திண்டுக்கல்லைத் தாண்டிவிட்டதாம். சிக்கிக்கொண்ட பஸ்ஸில் ஒரு கல்யாணமே நடந்து முடிந்துவிட்டதாம். "அய்யா, நீங்க வரலேன்னா நாங்க ராஜினாமா," என்று அழுதார். எவ்வளவோ மறுத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் விசாலி, கலியோபி அம்மாளிடம் பேசிவிட்டு மாடிக்கு வந்தாள். என் எதிரே நின்று ஏதோ சொன்னாள். காற்று பலமாக அடித்ததால் சரியாகக் கேட்கவில்லை. நானே எழுந்து, "தாயி, மதுரை கூப்புடுது. மாமா நாளைக்குக் கெளம்புறேன்," என்று அறிவித்தேன்.


செப்டம்பர் 17, கப்பல்

என்னை வழியனுப்பத் தீவே திரண்டது. வாத்தியங்கள் முழங்கின. பெண்கள் மயங்கி விழுந்தார்கள். கலியோபி அம்மாள் என் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றார். நான்கு மீனவர்கள் சேர்ந்து பிரித்தார்கள்.

விசாலி என் பெட்டியைப் பலகை வரை தூக்கி வந்தாள். "மருந்த வேளைக்குப் போடுங்க. ஏதென்ஸ்ல யாரையும் நிறுத்தாதீங்க," என்றாள். "புல்லக் கேட்டதாச் சொல்லு," என்றேன். பெட்டியைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய் அவர்கள் பக்கம் நின்றுகொண்டாள்.

கப்பல் பலகையைத் தூக்கும்போது லெஃப்டெரிஸ் கூட்டத்துக்கு முன்னால் வந்தார். இரண்டு கையையும் விரித்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். ரொட்டிக் கடைக்காரன் நீட்டினான். பின்னால் இருந்தவர்கள் எல்லாம் நீட்டினார்கள். ஒரு கரை முழுக்க உள்ளங்கைகள். என் வாழ்நாளில் நானே அத்தனை கையைக் காட்டியதில்லை.

என் கைகள் இரண்டும் பேண்ட் பைக்குள் கிடந்து துடித்தன. நான் நினைத்திருந்தால் ஒரே ஒரு வீச்சில் அந்தத் தீவைக் கடலுக்குள் அமுக்கியிருப்பேன். வெளியே எடுக்கவில்லை. விசாலி அவர்கள் நடுவில் நின்றாள். போய்வருகிறேன் என்று அவளுக்குக் கை காட்டவேண்டுமென்றால்கூட, அதுவும் விரித்த கைதான். யார் முகத்தில் போய் விழும், யார் கண்டது.

அவளும் கை காட்டவில்லை. பாட்டில் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கப்பல் திரும்பும் வரை அப்படியே நின்றாள்.

மற்றபடி கடல் அமைதி. திமிங்கிலம் இரண்டு கூடவே வந்தன.


செப்டம்பர் 18, ஏதென்ஸ் விமான நிலையம்

நகர மக்கள் என்னைப் பல்லக்கில் தூக்கிவந்து இறக்கினார்கள். விவரிக்க அலுப்பாக இருக்கிறது.

காலையில் விசாலியிடமிருந்து ஒரு வரி வந்தது: "மாமா, படகு வந்துருச்சு." கூட ஒரு படம். கலங்கல் தண்ணீர், அதில் பச்சையாக ஏதோ. புல்தான் போல. பார்க்கும்படி ஒன்றும் இல்லை.

பிறகு கோமதி போன்.

"என்னது, ஒத்தையா வர்றீங்களா? கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேன்லண்ணே! படகு இல்ல, ஆளுக சரியில்லன்னீங்க?"

"யாரு சொன்னா? நல்ல எடம் கோமதி. தங்கமான மனுசங்க. விட்டுப் பிரிய மனசே வரல."

"பொய் சொல்லாதீங்க. என்ன நடந்துச்சு?"

"சத்தியமாத்தான். அவள மக மாதிரி பாத்துக்குறாங்க."

அந்த மீசைக்காரனை மனதுக்குள் திட்டிக்கொண்டே சொன்னேன். அவள் நம்பவில்லை. வைத்துவிட்டாள்.

விமானம் கூப்பிட இன்னும் நேரம் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் பெட்டியை வைத்திருக்கிறேன். ஒரு பெண் வந்து, இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். எடுத்துக் கீழே வைத்தேன்.

மேலே எழுதியிருப்பதை இப்போது முழுக்கப் படித்துப் பார்த்தேன். ஆணையர் போன் செய்யவில்லை. அவருக்கு என்னைத் தெரியாது. வாத்தியம் இல்லை, பல்லக்கு இல்லை, அத்திமரம் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. வைகையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஆனால் பதினாறாம் தேதி மாலை, விசாலி என் எதிரே நின்று ஏதோ சொன்னாள் என்று எழுதினேனே, அது நிஜம். அன்று மாடியில் காற்றே இல்லை. கொடியில் கிடந்த துணிகூட அசையவில்லை. அழாமல், முகத்தைத் திருப்பாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: "மாமா, நீங்க போயிருங்க. நீங்க இங்க இருந்தா என்னால இங்க இருக்க முடியாது."

எனக்கு நன்றாகக் கேட்டது.